பதினான்காம் பக்கம்

கட்டுகஸ்தோட்டை
08.01.2024

பிரியாந்தினிக்கு,

நான் போதிய காலம் வாய்திறக்காமல் இருந்துவிட்டேன். முப்பது வருடமும் ஐந்து மாதமும். இனி முடியாது.

முதலில் சுகம் விசாரிக்க வேண்டும், விசாரிக்கிறேன். நீயும் சுந்தரலிங்கமும் மகள் கஜாலினியும் குறையில்லாமல் இருப்பீர்கள். எனக்கு இடது முழங்கால் படியேற மறுக்கிறது. பள்ளிக்கூடத்தில் இன்னும் கணிதம் படிப்பிக்கிறேன். என்னைவிடப் பத்து வயது இளையவர் அதிபராக இருக்கிறார். அது வேறு கதை.

போன கிழமை பஹீம் அக்குறணையிலிருந்து வந்தான். வெள்ளம் கடைக்குள் வந்தபோது சாமான்களை ஒதுக்கினானாம். மேல்தட்டில் நம்முடைய தடித்த அட்டை சீ.ஆர். கொப்பி அகப்பட்டிருக்கிறது! நாம் மூவரும் சாப்பாட்டு மேசையில் ஆடிய சண்டை விளையாட்டின் விதிகள் முழுவதும் அதில் இருக்கின்றன. நான் வில்லாளி நெடுங்கை, நீ வாள்காரி கொற்றி, பஹீம் கதை சொல்லும் நடுவர்.

பதினான்காம் பக்கத்தைத் திறந்தேன். உன் கையெழுத்து. ‘குறிவைத்துக்கொண்டிருப்பவருக்கு எவ்வளவு சிறிய காயம் பட்டாலும் குறி முழுவதும் கலையும்.’

14.08.1993. ஆட்டத்தில் ஒரு தொங்குபாலம். அதன் இந்தக் கரையில் நான், அந்தக் கரையில் நீ. வென்றவருக்கு மேல்மாடி அறை. நான் மூன்று சுற்று பொறுமையாகக் குறிவைத்தேன். நீ கவணால் ஒரு கூழாங்கல் எறிந்தாய். காயம் ஒரு புள்ளி. இருபது உயிர்ப் புள்ளியில் ஒன்று! பஹீம் இந்தப் பக்கத்தைக் காட்டிக் குறி கலைந்தது என்றான். நீ பாலம் கடந்து என்னை வெட்டினாய். ஆறு வருடம் நான் அப்பாவின் குறட்டையோடு கீழே படுத்தேன்.

அந்த விதி பிழை. அடிபட்டவன் குறியை விடவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அடியின் பருமனுக்கும் அவனுடைய பிடிவாதத்துக்கும் நடுவே ஒரு போட்டி நடக்கவேண்டும். என் விதி இது: எறியும் எண் காயத்தைவிடப் பெரிதானால் குறி நிற்கும்.

அதே பாலத்தில் மறுபடி ஆடுவோம். அப்போது பஸ் ரிக்கெற்றின் கடைசி எண்ணைத்தான் எறிந்த எண்ணாக எடுத்தோம். இப்போது பதிவுத் தபால். உறையில் ஒட்டும் சீட்டின் கடைசி எண்தான் அந்தக் கடிதத்தின் எறிவு, சைபர் வந்தால் பத்து. எழுதும்போது எவருக்கும் தெரியாது, ஏமாற்ற முடியாது. உறையின் படத்தைப் பஹீமுக்கு அனுப்பிவிட வேண்டும். முதலாம் விதி மாறாது: கையொப்பமில்லாத உத்தரவு செல்லாது, அந்தச் சுற்றில் அவர் சும்மா நிற்பார்.

நான் வென்றால் நீ உன் கையால் பதினான்காம் பக்கத்தை வெட்டவேண்டும்.

உத்தரவு: நெடுங்கை குறிவைக்கிறான். முதற் சுற்று.

றமணன்


பேர்ண்
29.01.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

தபால்காரர் கையொப்பம் கேட்டபோது வழக்கறிஞர் கடிதமாக்கும் என்று பயந்துபோனேன். உங்கள் கையெழுத்தைக் கண்டதும் சமையலறையிலேயே நின்று வாசித்தேன். பால் பொங்கி வழிந்தது. ஒன்பது வருடத்தில் நீங்கள் எழுதிய முதற் கடிதம், அதிலும் கொற்றியைத் திட்டி! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நாங்கள் சுகம். அவர் வேலை வேலை என்று திரிகிறார். கஜாலினி லௌசானில் படிக்கிறாள். முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறீர்களா, இல்லை அதனுடனும் கோபமா?

பதினான்காம் பக்கத்தை நான் இப்போதும் நம்புகிறேன். காலில் கல் பட்டால் நாம் காலைத்தான் பார்ப்போம், குருவியை அல்ல. வலி எவ்வளவு சிறிதானாலும் கண்ணைத் தன் பக்கம் திருப்பும். ஆனாலும் உங்கள் விதிப்படியே ஆட நான் தயார். உங்கள் விதியிலேயே உங்களைத் தோற்கடிப்பதில் ஒரு சந்தோசம் இருக்கிறதல்லவா.

நான் வென்றால் எனக்கு அறை வேண்டாம். ஒரு கேள்வி கேட்பேன். நீங்கள் உண்மையாகப் பதில் எழுதவேண்டும், அவ்வளவுதான்.

வாள் எட்டும் தூரத்துக்கு நான் வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, நினைவிருக்கட்டும்.

உத்தரவு: கொற்றி கவண் சுழற்றுகிறாள். ஐந்து வந்தால் படும். நாலுக்கு மேல் எத்தனையோ அத்தனை காயம். பழைய கணக்கே.

உங்கள் தங்கச்சி,
பிரியாந்தினி


கட்டுகஸ்தோட்டை
16.02.2024

பிரியாந்தினிக்கு,

உன் கடிதம் சுகமாக வந்தது, கல் உட்பட. உறையில் ஏழு! காயம் மூன்று. நெடுங்கையின் தோளில் பட்டு இரத்தம் வழிகிறது. 1993ஆம் ஆண்டென்றால் இந்த இடத்தில் நீ மேசையைச் சுற்றி ஓடியிருப்பாய்.

இப்போது ஓட முடியாது! இந்தக் கடிதத்தின் சீட்டில் நாலோ அதற்கு மேலோ வந்தால் குறி நிற்கும். பத்தில் ஏழு வாய்ப்பு. நேற்று பத்தாம் வகுப்பில் இதையே நிகழ்தகவுக் கணக்காகப் போட்டேன். முதற் தடவையாக அந்த வகுப்பில் ஒருவரும் கொட்டாவி விடவில்லை.

காலில் கல் பட்டால் காலைப் பார்ப்போமாம். நீ சுடுதண்ணீர்க் கேத்தலைத் தூக்கிக்கொண்டு வரும்போது குளவி கொட்டினால் கேத்தலை விடுவாயா? பிடியை இறுக்குவாய். எழுதி வை.

எனக்கு இப்போதெல்லாம் விடியமுன்னரே விழிப்பு வந்துவிடுகிறது. கேள்வி என்று ஏதோ சொன்னாய். கேட்க வாய்ப்பு வராது, ஆகையால் அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

உன் வீட்டாருக்கு என் விசாரிப்பு.

உத்தரவு: குறி நின்றால், இரண்டாம் சுற்று.

றமணன்


பேர்ண்
11.03.2024

அன்புள்ள அண்ணா,

ஒன்பது! தபாலைக் கையில் வைத்துக்கொண்டு ட்ராமுக்குள் “ஐயோ” என்று கத்திவிட்டேன். எதிரில் இருந்த கிழவி தன் நாயை மடியில் தூக்கிக்கொண்டாள். நெடுங்கை தோளில் இரத்தத்தோடு அப்படியே நிற்கிறான். பார்க்கப் பயமாகத்தான் இருக்கிறது, அண்ணா. சும்மா சொல்லவில்லை.

நான் சுகம். கஜாலினியும் சுகம். இங்கே இன்னும் குளிர் விடவில்லை.

கேத்தல் பற்றி யோசித்தேன். குளவி கொட்டினால் நானும் விடமாட்டேன்தான். ஆனால் அது குறி அல்ல, பழக்கம். கேத்தலை எங்கே வைக்கவேண்டும் என்று கைக்குத் தெரியும். குறி என்பது இன்னும் நடக்காத ஒன்றைப் பார்த்துக்கொண்டு நிற்பது. அடிபட்டவளால் அதைப் பார்க்க முடியுமா? இந்த மாதம் முழுக்க அதைத்தான் யோசிக்கிறேன்.

உத்தரவு: கொற்றி குனிந்து ஓடுகிறாள். பாலத்தில் முக்கால் தூரம். இன்னும் ஒரே பாய்ச்சல்!

தங்கச்சி,
பிரியாந்தினி


கட்டுகஸ்தோட்டை
02.04.2024

பிரியாந்தினிக்கு,

நீங்கள் மூவரும் சுகமென்று நம்புகிறேன். இங்கே வெயில் கொளுத்துகிறது, மகாவலியில் பாறைகள் வெளியே தெரிகின்றன. நான் உற்சாகமாக இருக்கிறேன். அதிபர்கூட “சேர், என்ன விசேஷம்?” என்று கேட்டார். சொல்லவில்லை.

உன் ‘பழக்கம்’ என்ற வாதத்துக்கு என்னிடம் சாட்சி இருக்கிறது. பெப்ரவரியில் தபால் கந்தோர் வரிசையில் எனக்குப் பின்னால் சுப்பம்மா நின்றார். மடுல்கெல்லத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர், இப்போது நம் ஒழுங்கையில் மகளுடன் இருக்கிறார். முதியவர் என்று முன்னுக்கு விட்டேன். விட்டபோது கேட்டேன்: “அட்டை கடிச்சா கொழுந்து பறிக்கிறதை நிப்பாட்டுவீங்களா?”

“அட போங்க சேர்,” என்றார். “அட்டைக்கெல்லாம் குனிஞ்சா கூடை என்னைக்கு நெறையும்? ரெண்டு கையும் கொழுந்துல இருக்கும், கண்ணு அடுத்த செடியில இருக்கும். அது பாட்டுக்குக் கடிக்கட்டும். கொழுந்தை எடை போட்டுட்டு வந்து காலைப் பாத்தா, கட்டியிருந்த சாக்கு பூரா ரத்தம்.”

கேட்டாயா? கண் அடுத்த செடியில்! இன்னும் நடக்காததைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்காம் பக்கத்தை எழுதியவள் மேல்மாடி அறையில் இருந்து எழுதினாள்.

சொல்லத் தொடங்கியதால் இதையும் சொல்கிறேன். 1999இல் எனக்கு ஸ்கொட்லாந்தில் ஆராய்ச்சிக்கு இடம் வந்தது. விசா வந்தது. பெட்டி வாங்கியாயிற்று. அப்பா குளியலறையில் விழுந்தார். ஒரே அடி, எல்லாம் கலைந்தது. ஏழு மாதத்தில் நீ கலியாணம் முடித்துச் சுவிஸ் போனாய். பதினொரு வருடம் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியவன் நான். அவருடைய செத்தவீட்டுக்கு வந்தபோதுகூட நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உத்தரவு: நெடுங்கை குறிவைக்கிறான். மூன்றாம் சுற்று, முழுக்குறி. அடுத்த கடிதத்தில் அம்பு. மூன்று வந்தாலே படும்.

றமணன்


கட்டுகஸ்தோட்டை
20.05.2024

பிரியாந்தினிக்கு,

இது உத்தரவு அல்ல, ஆகையால் சாதாரணத் தபாலில் வருகிறது. சுகமா என்று கேட்கிறேன். ஏழு கிழமை கடிதம் இல்லாதவளிடம் வேறென்ன கேட்பது?

முழுக்குறியைக் கண்டதும் பாலத்தில் உறைந்துவிட்டாயா? பயமா? பயந்தவர்கள் இப்படித்தான் செய்வார்கள். தோற்றேன் என்றும் சொல்லமாட்டார்கள், வரவும் மாட்டார்கள். காரணம் ஒன்று தேடிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார்கள்.

ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேற்றில் தபால்பெட்டியைத்தான் பார்க்கிறேன். கை நோகிறது பிரியா, இந்த வில்லை எவ்வளவு நேரம் இழுத்துப் பிடிப்பது?

றமணன்


பீல்
12.06.2024

அன்புள்ள அண்ணா,

பிந்திவிட்டது, மன்னிக்கவேண்டும். நான் சுகம். மேலே உள்ள விலாசத்துக்கு இனி எழுதுங்கள். சிறிய இடம், ஆனால் யன்னலைத் திறந்தால் வாவி தெரிகிறது, கண்டியில் தெரிவதைப்போல.

நான் உறையவில்லை. மூன்றாம் சுற்றுக்கு என்ன செய்வது என்று எத்தனை தரம் யோசித்தேன் தெரியுமா? பெட்டிகளுக்கு நடுவே பாலத்தைக் கீறி வைத்துப் பார்த்தேன். பாய்ந்தால் நடுவில் அம்பு படும். பின்வாங்கினாலும் படும். ஒரே ஒரு வழிதான், உங்கள் குறியை அடிப்பது. ஐந்துக்குக் குறைந்தால் கல் உங்கள் காதோரம் போகும், நான் செத்தேன். அண்ணா, பிள்ளைபோல் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது!

சுப்பம்மாவுக்கு என் வணக்கம். இந்தச் சாட்சியை ஏற்றுக்கொள்கிறேன்.

ஏப்ரல் கடிதத்தை இங்கே மேசையில் வைத்திருக்கிறேன். ‘ஒரே அடி, எல்லாம் கலைந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கோ வாசித்ததைப்போல் இருந்தது. பிறகுதான் பிடிபட்டது. அது என்னுடைய வசனம், அண்ணா. பதினான்காம் பக்கம்.

உத்தரவு: கொற்றி நின்ற இடத்திலேயே கவண் சுழற்றுகிறாள்.

தங்கச்சி,
பிரியாந்தினி


அக்குறணை
27.06.2024

மச்சான் றமணன்,

சுகம்தானே? நாங்க எல்லாரும் அல்ஹம்துலில்லாஹ். போன்ல சொல்லலாம்தான், ஆனா நீ நடுவர்ர தீர்ப்ப எழுத்தில தரச்சொல்லுவா, ஒன்னைய எனக்குத் தெரியாதா? பள்ளிக்கொடத்திலயே கையெழுத்து வாங்காம ஒரு பென்சில் இரவல் தரமாட்டா.

தீர்ப்பு: தங்கச்சி உறையைப் படம் புடிச்சு அனுப்பினா. கடைசி எண் சைபர். பத்துடா மச்சான்! காயம் ஆறு. இதைவிடப் பெரிய கல் இந்த விளையாட்டில இல்ல. ஒன்ட அடுத்த கடிதத்தில ஏழு வந்தாக் குறி நிக்கும், அம்பும் படும். ஆறு வந்தா எல்லாம் போச்சு, அடுத்த பாய்ச்சல்ல வாள் ஒன்ட கழுத்தில. கடையில நான் துள்ளின துள்ளலில ஒரு பெயின்ற் வாளி சரிஞ்சு போச்சு.

இனி மத்த விஷயம். சொல்லவேணாம்டு சொன்னதச் சொல்லுறன், எனக்கு மனசு கேக்கல்ல. விலாசம் மாறினது ஏன்டு நீ கேட்டியா? எங்கட வீட்டுக்காரி பஸ்லினா கேட்டா. சுந்தரலிங்கம் பெப்ரவரியிலயே விட்டுட்டுப் போயிட்டாராம், வேறொரு ஆளோட. வீட்டயும் விக்க வச்சுட்டார். தங்கச்சி இப்ப ஒரே அறையில ஈக்கிறா. பகல்ல லாப் வேலை, பின்னேரம் ஒரு கிழவர் விடுதியில வேலை. அதுக்குள்ள இருந்துதான் ஒனக்குக் கல் எறியிறா.

ஏன் அண்ணாட்டச் சொல்லல்லண்டு பஸ்லினா கேட்டதுக்கு என்ன சொன்னா தெரியுமா? “சொல்லிப்போடாதேங்கோ. சொன்னா அண்ணா பாவம் பாத்து விட்டுத் தந்திடுவார். நான் வெண்டுதான் கேக்கோணும்.”

ஆகையால நீ எனக்கிட்டக் கேள்விப்படவே இல்ல. விளங்கிச்சா? விட்டுக்குடுத்தியெண்டா நானே ஒன்னை ஆட்டத்தை விட்டுத் தூக்குவன்.

பஹீம்


கட்டுகஸ்தோட்டை தபால் கந்தோர்
08.07.2024, காலை 10.20

பிரியாந்தினிக்கு,

நீ சுகமாக இருக்கவேண்டும் என்று எழுதுகிறேன். ஒவ்வொரு கடிதத்திலும் எழுதியதுதான், இந்த முறை யோசித்து எழுதுகிறேன். என் முழங்காலுக்குக் குறைவில்லை. நேற்றும் முந்தநாளும் நாற்பது தரம் மேல்மாடி ஏறி இறங்கியது.

ஏன் ஏறியது என்று சொல்லவேண்டும். நீ போன பிறகு அந்த அறையில் என் பரீட்சைத் தாள்களையும் உடைந்த கதிரைகளையும் போட்டுவைத்திருந்தேன். கொப்பியைப் பார்த்தேன். 14.08.1993இல் வென்றவருக்கு அறை என்றுதான் இருக்கிறது, எத்தனை வருடத்துக்கு என்று இல்லை. ஆகவே அது இன்றைக்கும் உன்னுடையது. நான் அதைப் பாவித்தது விதிமீறல். ஒழித்துக் கழுவிவிட்டேன். ஹந்தானை மலைப் பக்கத்து யன்னலுக்குப் புதிய கொண்டி போட்டாயிற்று. அறைப் பூட்டின் திறப்பு இந்த உறைக்குள் இருக்கிறது. சொந்தக்காரி எப்போது வருகிறாள், எத்தனை நாள் இருக்கிறாள் என்பது என் கேள்வி அல்ல.

இன்னொரு விதிமீறலும் உண்டு. சுப்பம்மாவை முன்னுக்கு விட்டது மரியாதைக்காக அல்ல. சீட்டுகள் ஒரு சுருளில் ஒட்டியிருக்கும், கடைசி எண் மட்டும் வரிசைப்படி வராது. கவுண்டருக்கு அருகில் நின்றால் அடுத்த எண் தெரியும். பெப்ரவரியில் அடுத்த எண் இரண்டு, அதற்கடுத்தது ஒன்பது. இரண்டைச் சுப்பம்மாவுக்குத் தந்து ஒன்பதை நான் எடுத்துக்கொண்டேன். அவர் “நீங்க நல்லா இருக்கணும் சேர்” என்று வாழ்த்தினார். ஏமாற்ற முடியாது என்று நானே எழுதினேன், ஏமாற்றியவனும் நானே. என் குறி பெப்ரவரியிலேயே கலைந்திருக்கவேண்டும். உன்னிடம் ஒரு சுற்றுத் திருடியிருக்கிறேன். திருடியதைத் திருப்பித் தருவது விட்டுக்கொடுப்பது ஆகாது. பஹீமுக்கும் இதையே எழுதியிருக்கிறேன்.

விதியைப் பொறுத்தவரை ஒரு அங்குலமும் நான் அசையமாட்டேன். அடிபட்டவரால் குறியை வைத்திருக்க முடியும். முன்பு எனக்குச் சுப்பம்மா ஒரு சாட்சிதான். இப்போது இன்னொரு சாட்சி இருக்கிறது, பெயர் எழுதமாட்டேன். இது என் வெற்றி, நான் எவ்வளவு சந்தோசமாக இருக்கிறேன் என்று உனக்குச் சொல்ல முடியாது. பதினான்காம் பக்கம் பிழை! முப்பது வருடமாகச் சொன்னேன்!

அது பிழையென்றால், நான் ஏன் போகவில்லை என்பதுதான் உன் கேள்வி என்று எனக்குத் தெரியும். அப்பா விழுந்த நாலாம் மாதமே கையால் சைகை காட்டிப் போ என்றார். உனக்கு அது தெரியும், நீதான் அவர் பக்கத்தில் நின்றாய். அதன் பிறகும் ஸ்கொட்லாந்துக்காரர் அடுத்த வருடம் வா என்று எழுதினார்கள். அதை உனக்கும் காட்டவில்லை. நீ கேட்டால் பதில் ஒரே சொல். மே மாதம் கேள்விக்குறி போட்டு உன்மேல் எறிந்தேனே, அந்தச் சொல்தான்.

ஆனால் நீ வென்று கேட்கவேண்டும், அதுதான் பந்தயம்.

உத்தரவு: நெடுங்கை அம்பை விடுகிறான்.

இந்தக் கடைசி வரிகளைக் கந்தோர் வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். வரிசையில் எவரும் இல்லை. கவுண்டரில் சுருள் தெரிகிறது, அடுத்த எண் எட்டு. யாரையும் முன்னுக்கு விடத் தேவையில்லை. நான் எழும்பிப் போனால் எட்டு எனக்குத்தான். குறி நிற்கும், அம்பு நேரே போகும், முப்பது வருடக் கணக்குத் தீரும். இவ்வளவு அருகில் நான் ஒரு நாளும் வந்ததில்லை.

நீ பாலத்தின் முக்காலில் நிற்கிறாய். ஒரே பாய்ச்சல். முதலாம் விதி உனக்கு மனப்பாடம். பேனாவை மூடிவிட்டேன், திரும்ப எடுத்து இதை மட்டும் எழுதுகிறேன்: எட்டை ஒட்டி, கையொப்பம் வைக்காமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.